தூரத்து மலைக்கு ஐந்து நிமிஷம்

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கையில் பேனா மாதிரி ஒரு கருவி, டர்ரென்று ஒரு சத்தம், இரண்டு நிமிஷத்தில் குடத்தின் கழுத்தில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி எல்லாம் வந்துவிடும். வேலூர் லாங்கு பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் அப்படிப் பெயர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெயரின் மேல் கொஞ்சம் கெட்டியான கறுப்பு மையைத் தேய்த்து, மேலாக இருக்கும் மையை மட்டும் துணியால் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? வெட்டின கோட்டுக்குள் தங்கிய மை தாளில் ஏறும். பெயர் இடவலம் மாறி விழும், ஆனால் விழும். எச்சிங் என்கிற அச்சுக்கலையில் பாதி இவ்வளவுதான். மிச்சப் பாதி என்னவென்றால், இதில் உலோகத்தை வெட்டுவது கை இல்லை, அமிலம்.

அச்சு என்றதும் நமக்கு நினைவு வருவது வேறு வகை. பழைய அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை அடித்த ஈய எழுத்துகளில் மேடாக இருக்கும் இடத்தில்தான் மை ஒட்டும், பள்ளம் சும்மா இருக்கும். ரப்பர் ஸ்டாம்பு அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துக் குத்தினோமே, அதுவும் அப்படித்தான். எச்சிங் இதற்கு நேர் எதிர். பள்ளத்தில் மை, மேடு சுத்தம். பள்ளத்துக்குள் கிடக்கும் மையை எடுக்க வேண்டுமென்றால் தாளே பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் தாள் நனைந்திருக்க வேண்டும், அதனால்தான் அத்தனை அழுத்தம் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

சரி, இந்த முறையில் நாம் வரையப் போவது நிலக்காட்சி. ஏன் நிலக்காட்சி? பூ வரையலாம், முகம் வரையலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எச்சிங்கை முதல்முதலாகப் புரிந்துகொள்ள மலையும் வெளியும் போல வேறொன்று கிடையாது என்பது என் கட்சி. காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அமிலத் தொட்டி வரட்டும்.

அதற்கு முன்னால் நம் ஊர். வேலூர்க்காரர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் ஒரு பட்டியல் உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி விஷயம் 1981-இல் தீர்ந்தது, கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் திரும்ப வந்துவிட்டார். மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பச்சைப்பசேல் என்று வாட்டர்கலர் போட நினைப்பவருக்கு இது வெறுப்பேற்றும் ஊர்தான். எச்சிங்குக்கோ, மரமில்லாத மலை என்றால் வெடிப்பும் விளிம்புமாகக் குவிந்த பாறைகள், அதாவது முழுக்க முழுக்கக் கோடு. சீமைக்கருவேலம் என்றால் கோட்டின் மேல் கோடு. கோட்டை மதில் என்றால் வரிசை வரிசையாகக் கல் இடுக்கு. நீரில்லாத பாலாறு? அங்கே நீங்கள் ஒன்றுமே வரைய வேண்டாம். தகட்டைத் தொடாமல் விட்டால் தாளின் வெள்ளை அப்படியே நிற்கும், அதுதான் மணல்.

தகட்டிலிருந்து ஆரம்பிப்போம். செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றிலும் எச்சிங் செய்யலாம். கற்றுக்கொள்ள நான் சொல்வது செம்பு. சுமார் 1 மில்லிமீட்டர் கனம், போஸ்ட்கார்டு அளவு போதும். பெரிதாக வாங்கி வீணாக்காதீர்கள், செம்பு விற்கும் விலைக்கு. தகட்டின் நான்கு ஓரத்தையும் அரத்தால் சாய்வாக ராவிவிட வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தில் தாளைக் கத்தி மாதிரி கிழித்துவிடும். அப்புறம் மேற்பரப்பை நைஸான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகு ஏற்றி, கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். தகட்டில் இருக்கும் சின்னக் கீறல் கூட மையைப் பிடித்து வைத்துக்கொண்டு வானத்தில் ஒரு கோடாக வந்து நிற்கும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது. விளக்கு, செம்புக் குடம் தேய்க்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் உடனே புளியைத் தேடுவார்கள். புளி செம்பின் கறுப்பை எடுக்கும், பிசுக்கை எடுக்காது. அதற்குச் சாக்பீஸ் பொடியைக் குழைத்து வட்ட வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: தகட்டைக் குழாயடியில் காட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் போய்விட்டது. என் இரண்டாவது தகட்டில் இதைச் செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது, பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன், ஆம்பூர் பிரியாணி, கை கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன். வந்து தகட்டை எடுத்து வைத்தேன். அச்சில் மலைக்கு மேலே, மேகம் இருக்க வேண்டிய இடத்தில், என் கட்டைவிரல் ரேகை ரேகையாக விழுந்தது. பத்திர ஆபீஸில் ரேகை வைத்தால் கூட அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

சுத்தமான தகட்டின் மேல் ஒரு பூச்சு போடுகிறோம். ஆங்கிலத்தில் கிரவுண்டு என்பார்கள், நம் ஓவியர்களும் அப்படியே சொல்கிறார்கள். தேன்மெழுகு, கறுப்புத் தார், பிசின் மூன்றும் சேர்ந்த கலவை. தகட்டை லேசாகச் சூடாக்கி இதைத் தடவி, ரோலரால் மெல்லிசாகப் பரப்பினால் ஆறியதும் கறுப்பாக இறுகும். இந்தப் பூச்சு அமிலத்தை உள்ளே விடாது. அவ்வளவுதான் அதன் வேலை. மருதாணி வைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருதாணியில் மூடின இடம் சிவக்கும், மூடாத இடம் அப்படியே இருக்கும். இங்கே மூடின இடம் தப்பிக்கும், திறந்த இடத்தை அமிலம் தின்னும்.

பூச்சு இறுகியதும் ஊசியால் வரைய வேண்டும். இதற்கென்று ஊசி விற்கிறார்கள், ஆனால் கோணி ஊசியை ஒரு மரப்பிடியில் செருகினால் போதும், செருப்பு தைப்பவர்களின் குத்தூசி கூட ஆகும். முனை ரொம்பக் கூராக இருக்கக் கூடாது, கொஞ்சம் மழுங்கியிருக்க வேண்டும். நீங்கள் உலோகத்தைக் கீறவில்லை, மேலே இருக்கும் மெழுகை மட்டும் விலக்குகிறீர்கள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவருக்கும் நமக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. அவர் எவர்சில்வரோடு மல்லுக்கட்ட வேண்டும். நமக்குத் தாளில் பேனா ஓடுகிற மாதிரி கை ஓடும், அதைவிடச் சுலபமாகவே ஓடும், மெழுகில் ஒரு வழுக்கல் இருக்கிறது. கறுப்புப் பரப்பில் ஊசி போன இடமெல்லாம் செம்பு சிவப்பு நூல் மாதிரி மின்னும். முதல் முறை செய்கிறவர்கள் இந்த இடத்தில் மயங்கிப் போய் வரைந்துகொண்டே இருப்பார்கள். நானும் போனேன். ஒரு பாறைக்கு நாற்பது கோடு போட்டால் அச்சில் அது பாறையாக வராது, கரிக்கட்டையாக வரும். நிறுத்தப் பழக வேண்டும்.

இன்னொன்று, எல்லாம் இடவலம் மாறி விழும் என்றேனே, அதை வரைகிறபோதே நினைவில் வைக்க வேண்டும். கோட்டையின் பெரிய பூங்காவில் உட்கார்ந்து, கிழக்கே தெரியும் மலையையும் அதன் உச்சியில் இருக்கும் பழைய மதிலையும் பார்த்தபடி அப்படியே தகட்டில் வரைந்தால் அச்சில் மலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். என் முதல் அச்சைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா, சத்துவாச்சாரியில் எழுபது வருஷமாக இருப்பவர், “இது எந்த ஊர் மலைப்பா?” என்று கேட்டார். தவிர்க்க வேண்டுமென்றால் ஓவியத்தை மெல்லிய தாளில் போட்டு, தாளைத் திருப்பி வைத்துத் தகட்டில் படி எடுக்கலாம், அல்லது கண்ணாடியில் பார்த்து வரையலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. 1640 வாக்கில் அவர் செய்த ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சி இடவலம் மாறித்தான் அச்சாகியிருக்கிறது. அவர் ஊர்த் தாத்தாக்கள் என்ன சொன்னார்களோ.

இப்போது அமிலம். துத்தநாகத் தகட்டுக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் போடுவது பழைய வழக்கம். நகை ஆசாரிகள் பட்டறையில் திராவகம் என்கிறார்களே, அந்தக் குடும்பம். செம்பை நைட்ரிக்கில் போட்டால் பழுப்புப் புகை கிளம்பும், அது நுரையீரலுக்கு நேரடி விஷம், வீட்டில் தொடவே தொடாதீர்கள். செம்புக்கு ஃபெரிக் குளோரைடு இருக்கிறது. நம் ஊரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது தெரிந்த சரக்கு, எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அவர்கள் செய்வதும் எச்சிங்தான், அவர்கள் கோடுகளை மிச்சம் வைக்கிறார்கள், நாம் கோடுகளைக் கரைக்கிறோம். ஃபெரிக் குளோரைடு புகையாது, ஆனால் தொட்டதையெல்லாம் மஞ்சள் பழுப்பாகக் கறையாக்கும். கைக்கு ரப்பர் கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி, பழைய லுங்கி. பொடியாக வாங்கினால் பொடியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சட்டென்று கொதிக்கும். எந்த அமிலத்துக்கும் இதே சட்டம்.

தகட்டின் பின்பக்கத்தையும் மூட மறக்காதீர்கள், அகலமான பேக்கிங் டேப் ஒட்டினால் போதும். ஃபெரிக் குளோரைடில் செம்பு கரையும்போது கோட்டுக்குள் வண்டல் படிந்து அரிப்பைத் தடுக்கும், அதனால் தகட்டைக் குப்புறக் கவிழ்த்து மிதக்க வைப்பார்கள், அல்லது தொட்டியில் செங்குத்தாக நிறுத்துவார்கள்.

இனி நான் தள்ளி வைத்த காரணம். ஒரே ஊசி, ஒரே கை, ஒரே அழுத்தம். அந்த ஊசியால் தூரத்து மலையையும் வரைந்தீர்கள், நடுவில் இருக்கும் பனை வரிசையையும் வரைந்தீர்கள், காலடியில் கிடக்கும் பாறையையும் வரைந்தீர்கள். தகட்டில் மூன்றும் ஒரே தடிமன் கோடுகள்தான், மூன்றும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான் தெரியும். யார் முன்னால், யார் பின்னால் என்பதை அமிலத் தொட்டியில் கடிகாரத்தை வைத்து முடிவு செய்கிறோம்.

முதலில் தகடு முழுவதையும் ஐந்து நிமிஷம் அமிலத்தில் விடுங்கள். எடுத்து, கழுவி, துடைக்காமல் விசிறியில் காய வையுங்கள். இப்போது எல்லாக் கோடும் மெல்லிசாக அரிபட்டிருக்கும். தூரத்து மலைக்கு இது போதும். அதன் கோடுகளை மட்டும் ஒரு சின்ன பிரஷ்ஷால் அரக்கு வைத்து மூடிவிடுங்கள், தச்சர்கள் மர பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருப்பார்களே அதே அரக்கு. காய்ந்ததும் திரும்பத் தொட்டியில் பத்து நிமிஷம். பனை வரிசைக்கு மொத்தம் பதினைந்து ஆகிவிட்டது, அதையும் மூடுங்கள். மிச்சமிருப்பது முன்னால் கிடக்கும் பாறை மட்டும். அதற்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். மலை 5, பனை 15, பாறை 40. அமிலத்தில் அதிக நேரம் இருந்த கோடு ஆழமாகும், கொஞ்சம் அகலமும் ஆகும், அதனால் நிறைய மை பிடிக்கும், அதனால் கறுப்பாக விழும். கொஞ்ச நேரம் இருந்த கோடு சாம்பலாக, இருக்கிறதோ இல்லையோ என்று விழும். மார்கழிக் காலையில் காட்பாடிப் பக்கம் மேம்பாலத்திலிருந்து பார்த்தால் பக்கத்து மலை கருநீலமாகவும் அதற்குப் பின்னால் இருப்பது வெளிறியும் அதற்கும் பின்னால் இருப்பது வானத்தோடு கரைந்தும் தெரியுமே, அந்த அடுக்குகளை நிமிஷக் கணக்காக மாற்றுகிறோம். வேறெந்த ஓவிய முறையிலும் தூரத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. நிலக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

மூடுகிற வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மாலை மின்சாரம் போய், மொபைல் வெளிச்சத்தில் அரக்கு வைத்தேன், அவசரத்தில் பாறையை மூடிவிட்டு மலையைத் திறந்து விட்டுவிட்டேன். நாற்பது நிமிஷமும் மலைக்கே போனது. அச்சு எடுத்துப் பார்த்தால் மலை ஓடி வந்து மூக்குக்கு முன்னால் நிற்கிறது, காலடியில் இருக்க வேண்டிய பாறை பஞ்சு மாதிரி தூரத்தில் மிதக்கிறது. அந்தத் தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. விளக்கம் சொல்ல ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட அந்த ஒரு அச்சைக் காட்டினால் எல்லோருக்கும் சட்டென்று புரிகிறது.

நான் சொன்ன நிமிஷங்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரைசலின் அடர்த்தி, அது எவ்வளவு பழையது, அன்றைய வெயில், எல்லாம் கணக்கை மாற்றும். முதலில் ஒரு துண்டுச் செம்பில் சில கோடுகள் கீறி, 2, 5, 10, 20, 40 நிமிஷம் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து ஒரு சோதனை அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுவரில் ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கறுப்பு வேண்டுமோ அதற்கு எத்தனை நிமிஷம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கணக்கு நம் ஊரில் செல்லாது. வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டும். சூட்டில் அமிலம் வேகமாகத் தின்னும், ஜனவரியில் பதினைந்து நிமிஷம் எடுத்த வேலை அக்னி நட்சத்திரத்தில் அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடும். பூச்சும் இளகி, வரைகிற கையில் ஒட்டிக்கொண்டு வரும். கோடை முழுக்க நான் விடியற்காலையில்தான் தகட்டைத் தொடுவேன்.

இந்த வித்தை ஓவியர்களிடமிருந்து பிறக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் போர்க்கவசங்களில் பூவேலை செய்கிறவர்கள் இரும்பை அமிலத்தால் அரித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அப்படிப்பட்ட கவசக் கைவினைஞர் டேனியல் ஹாப்ஃபர்தான், 1500 வாக்கில், அதே முறையில் தகடு செய்து தாளில் அச்சடித்தார். 1518-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர் இரும்புத் தகட்டில் பீரங்கியும் கிராமமும் இருக்கும் ஒரு நிலக்காட்சியைச் செய்தார். கொஞ்ச காலத்தில் ஆல்ட்டார்ஃபர் என்பவர் மனிதக் கதை எதுவும் இல்லாமல் மரம், மலை, வானம் என்று வெறும் நிலத்தை மட்டுமே வைத்து எச்சிங் செய்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

ரெம்பிராண்டின் ‘மூன்று மரங்கள்’ 1643-இல் வந்தது. அளவு ஏறக்குறைய 21-க்கு 28 சென்டிமீட்டர், நம் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்கம் மேட்டில் மூன்று மரங்கள் கறுப்பாகத் திரண்டு நிற்கும், இடப்பக்க மூலையில் மழை சாய்ந்த நேர்க்கோடுகளாக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல இறங்கும், நடுவில் தூரத்து ஊர் மயிரிழைக் கோட்டில் இருக்கும். மரத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் வெளியெல்லாம் கோட்டின் கனத்தால் வந்தது. அமிலத்தோடு நிறுத்தாமல் நேரடியாக ஊசியால் செம்பைக் கீறியும் சேர்த்திருக்கிறார்.

கோடு மட்டும் போதாது, மேகத்துக்கு ஒரு சாம்பல் வேண்டும் என்று நினைத்தால் அக்வாடின்ட் இருக்கிறது. பிசினைத் தூள் செய்து தகட்டின் மேல் கோலமாவு சலிப்பது போலத் தூவி, கீழே சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டில் ஒட்டும். அமிலம் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளை அரிக்கும். அச்சில் அது கோடாக விழாது, நனைந்த பிரஷ்ஷால் சாம்பல் தீற்றின மாதிரி விழும். பிசின் தூளை மூக்கில் இழுக்கக் கூடாது, நல்ல முகக்கவசம் கட்டாயம். தூள் காற்றில் பறக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றிக்கொள்ளும், தூவுவது ஒரு இடம், சூடு காட்டுவது வேறு இடம் என்று பிரித்து வையுங்கள்.

நம் பக்கத்து மலைகளை அந்தக் காலத்து உலகம் அச்சில் பார்த்தது இந்த அக்வாடின்டிலும்தான். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் இரண்டு பேரும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் சுற்றினார்கள். 1792-இல் தெற்கே வந்து பாராமஹால் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் அது, நமக்கு மேற்கே பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஊருக்குத் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 அக்வாடின்ட் படங்களாக வெளியிட்டார்கள், இராயக்கோட்டை அதில் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் வில்லியம் ஹாட்ஜஸ் என்கிற இன்னொரு ஆங்கில ஓவியர் 1780-இல் சென்னையில் இறங்கினார். அந்த வருஷமே ஹைதர் அலி படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. ஊரை விட்டு வெளியே போக முடியாமல், அடுத்த வருஷம் வங்காளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். சண்டை இல்லாமல் இருந்திருந்தால் நம் பாறைகளை அவர் வரைந்திருப்பாரோ என்னவோ.

நம் ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணா ரெட்டி, 1925-இல் சித்தூர் மாவட்டத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, இன்றைக்கும் வேலூரிலிருந்து டவுன் பஸ் தூரம் மாதிரிதான். சாந்திநிகேதனில் படித்து, பாரிஸில் ஹேய்ட்டர் என்கிற அச்சுக்கலைஞரின் ‘அட்லியே 17’ பட்டறைக்குப் போய், அங்கே ஒரே தகட்டில் ஒரே தடவையில் பல வண்ணம் அச்சடிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். யோசனை எளிமையானது: எண்ணெய் அதிகம் கலந்த இளகின மையும் எண்ணெய் குறைந்த கெட்டி மையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் விலகும். தகட்டில் மேடு பள்ளம் பல மட்டத்தில் இருந்தால், கெட்டியான ரோலர் மேட்டை மட்டும் தொடும், மெத்தென்ற ரோலர் பள்ளத்துக்குள் போகும். எளிமையான யோசனை என்றேன், செய்துபாருங்கள், மூன்று மாதம் அழுக்குப் பச்சை தவிர வேறு நிறமே வராது. ஆரம்பிக்கிறவர்கள் கறுப்போடு நில்லுங்கள்.

அமில வேலை முடிந்ததும் பூச்சையும் அரக்கையும் மண்ணெண்ணெய், ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிடுங்கள், பளபளவென்ற தகட்டில் மயிரிழைப் பள்ளங்கள் மட்டும் இருக்கும். இதற்கென்று விற்கும் கெட்டியான மையை ஒரு அட்டைத் துண்டால் தகடு முழுக்க இழுத்துத் தேய்த்துப் பள்ளங்களுக்குள் திணியுங்கள். பிறகு துடைப்பு. கஞ்சி போட்ட, கொசுவலை மாதிரி இடைவெளி உள்ள பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டமாக, தகட்டோடு தட்டையாகத் துடைக்க வேண்டும். மெத்தென்ற துணி பள்ளத்துக்குள் போய் மையை இழுத்துவிடும், அதனால்தான் கஞ்சி. துடைக்கத் துடைக்கக் கறுப்புக்குள்ளிருந்து முதலில் பாறை, பிறகு பனை, கடைசியில் மலை என்று எழுந்து வரும். பாலாற்று மணல் வர வேண்டிய இடத்தை உள்ளங்கையில் சாக்பீஸ் பொடி தொட்டு இன்னொரு முறை துடைத்துவிடுவேன், அங்கே மட்டும் தாள் பளிச்சென்று இருக்கும். வானத்தில் கொஞ்சம் மைப் படலத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம். ஒரே தகட்டில் காலையும் அச்சடிக்கலாம், அந்தியும் அச்சடிக்கலாம், எல்லாம் துடைப்பில் இருக்கிறது.

தாள் பருத்திக் கூழில் செய்த கனமான தாளாக இருக்கட்டும். தண்ணீரில் ஊற வைத்து, மேல் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அச்சு இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதானால், கரும்பு ஜூஸ் மிஷின். இரண்டு இரும்பு உருளை, பெரிய சக்கரம், கையால் சுற்ற வேண்டும். கரும்புக்குப் பதில் ஒரு தட்டையான பலகை உள்ளே போய் வெளியே வரும். பலகையில் தகடு, அதன் மேல் ஈரத் தாள், அதன் மேல் இரண்டு மூன்று மடிப்புக் கம்பளி. கம்பளிதான் தாளைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது. வெளியே வந்ததும் தாளை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள், அவசரப்பட வேண்டாம். விரலால் தடவினால் கோடு தாளிலிருந்து கொஞ்சம் மேலெழும்பியிருப்பது தெரியும், சுற்றிலும் தகட்டின் ஓரம் அழுந்தின ஒரு சட்டமும் இருக்கும். ஜெராக்ஸில் இது வராது, எச்சிங்கை அடையாளம் கண்டுபிடிக்க முதலில் நான் தேடுவது அந்த அழுந்தின ஓரத்தைத்தான்.

எத்தனை எடுக்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்து, கீழே பென்சிலால் 3/20 என்கிற மாதிரி எழுதுவார்கள். இருபதில் மூன்றாவது என்று அர்த்தம். இருபதும் அசல்தான், நகல் என்று எதுவும் கிடையாது.

அமிலம், மிஷின் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறவர்கள் ஜூஸ் வரும் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் வெள்ளிப் பரப்பில் ஊசியால் கீறிப் பாருங்கள். மை தேய்த்து, துடைத்து, ஈரத் தாளை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் கை வலிக்கத் தேய்த்தால் அச்சு விழும். இருபது முப்பது அச்சுக்குக் கூடத் தாங்காது, ஆனால் பள்ளத்தில் மை என்றால் என்ன என்பது கைக்குப் புரிந்துவிடும்.

கடைசியாக, தீர்ந்துபோன ஃபெரிக் குளோரைடு. அதில் கரைந்த செம்பு இருக்கிறது, சாக்கடையில் ஊற்றாதீர்கள். தோல் கழிவு பாலாற்று மண்ணையும் கிணறுகளையும் என்ன செய்தது என்று இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நம் பங்குக்கு வேறு சேர்க்க வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் வாளியில், கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவைப் போடுங்கள். பொங்கும், அதனால் வாளி பெரியதாக இருக்கட்டும். பொங்குவது நின்றதும் இரண்டு நாள் விட்டால் பச்சையும் பழுப்பும் கலந்த சேறு அடியில் தங்கும். செடிக்கும் வேண்டாம், குப்பை வண்டிக்கும் வேண்டாம். மொட்டை மாடியில் வைத்தால் நம் வெயிலுக்கு நாலே நாளில் கட்டியாகிவிடும். என் மாடியில் மூடி போட்ட ஒரு பெயிண்ட் டப்பாவில் இரண்டு வருஷத்துச் சேறு இருக்கிறது, மேலே மண்டை ஓடு படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். அதை மட்டும் இடவலம் மாற்றாமல் நேராக வரைந்தேன்.